கூப்பிடு தூரம்

மிங்கலாடோன் என்ற பெயரைத் தமிழ்க் காது கேட்டால் அதற்குள் 'மங்கலம்' இருப்பது எளிதில் பிடிபடும். பாளி மொழியின் 'மங்கல' என்ற சொல் பர்மியரின் வாயில் 'மிங்கலா' ஆயிற்று. அங்கே பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியரைக் கண்டதும் சொல்லும் 'மிங்கலாபா' என்ற முகமனிலும் இந்தச் சொல்லே இருக்கிறது. ரங்கூனின் வடபுறத்தில் உள்ள இவ்வூரை வெளியுலகம் ஒரு விமான நிலையத்தின் பெயராகவே அறிந்து வைத்திருக்கிறது. 1941 டிசம்பர் 23ஆம் திகதி யப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசியபோது மிங்கலாடோன் விமானத்தளமும் தாக்கப்பட்டது. அன்று தொடங்கிய ஓட்டத்திலே பர்மாவில் வாழ்ந்த எம்மவரின் வரலாறு இரண்டாகப் பிளந்தது.

விமான நிலையத்தைத் தாண்டி வடக்கே போகும் புரோம் வீதியில், மிங்கலாடோன் பிரிவுக்குள்ளேயே, தௌக்கியான் என்ற இடத்தில் ஒரு போர்க் கல்லறை இருக்கிறது. 1951இல் அமைக்கத் தொடங்கிய இக்கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,374 பேர் அடக்கப்பட்டுள்ளனர். அவர்களில் 867 பேர் யாரென்று அறியப்படாதவர்கள். நடுவே நிற்கும் ரங்கூன் நினைவு மண்டபத்தின் தூண்களில், புதைகுழி எதுவென்றே தெரியாமற் போன ஏறத்தாழ 27,000 படைவீரரின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. இவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்தியப் படையினரின் பெயர்கள். சென்னை மாகாணத்திலிருந்து படையிற் சேர்ந்த தமிழரும் அவர்களுள் அடக்கம். மண்டபத்தின் அர்ப்பண வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குருமுகி ஆகியவற்றில் உள்ளது. தமிழில் இல்லை.

தமிழில் இல்லையே என்று முறையிடுவதற்காக இதை எழுதவில்லை. அக்கல்லில் உள்ள ஒரு பெயரை வாய்விட்டு வாசிக்க முயன்றால் வேறொரு சங்கடம் எழும். அதுவே எமது விடயம். ஆங்கில எழுத்தில் வெட்டப்பட்ட தமிழ்ப் பெயரில் எது குறில், எது நெடில் என்று தெரியாது. லகரமா, ளகரமா, ழகரமா என்று தெரியாது. அந்தப் பெயருக்குரியவனை அவனது தாய் வாசலில் நின்று கூப்பிட்டபோது எந்த எழுத்திலே குரலை நீட்டினாள், எங்கே நிறுத்தினாள் என்பது அறவே தெரியாது. எழுத்து பெயரைக் காப்பாற்றியது. கூப்பிட்ட குரலை அதனால் காப்பாற்ற முடியவில்லை. இடம்பெயர்ந்த ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றை எழுத முனையும் எவரும் இந்த இழப்பையும் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்று நாம் கருதுகிறோம்.

குரலைப் பற்றி எமது முன்னோர் நிறையவே சிந்தித்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியல், கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய மூன்றிடத்தும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்தொலிகளாகப் பிறக்கும் முறையை விளக்குகிறது. ஒலியின் நீளத்தை அளக்கக் கண் இமைக்கும் பொழுதும் கை நொடிக்கும் பொழுதும் அளவுகோலாகின்றன. அதைவிட எமக்கு இங்கே முக்கியமானது சொல்லதிகாரத்தில் உள்ள விளிமரபு. ஒருவரைக் கூப்பிடுவதற்கென்றே ஒரு தனி இயல்! பெயர்கள் விளியாகும்போது அவற்றின் ஈறு எவ்வாறு திரியும் என்று சொல்லிக்கொண்டே வருகிற அந்த இயல், தொலைவில் நிற்பவரைக் கூப்பிடும் வழக்கில் பெயர்கள் தமக்குரிய மாத்திரையைக் கடந்து நீளும் என்றும் விதி செய்கிறது. முற்றத்தில் நிற்பவன் 'தம்பீ'. வயற்கரையில் நிற்பவன் 'தம்பீஇஇ'. இடையிலே கிடக்கும் நிலத்தின் அகலம் சொல்லுக்குள்ளே வந்து சேர்ந்துவிடுகிறது.

தூரத்தைக் குரலால் அளக்கும் வழக்கமும் எம்மிடம் இருந்தது. 'பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில்தான்' என்று இன்றும் சொல்கிறோம். வடமொழியில் 'குரோசம்' என்ற நீட்டலளவையின் மூலப்பொருள் கூக்குரல் என்பதே. வட இந்தியர் சொல்லும் 'கோஸ்' அதன் வழி வந்தது. ஒருவனுடைய குரல் எட்டும் எல்லைக்குள் இருப்பது அவனுடைய அயல், அதற்கு அப்பால் இருப்பது வெளியூர். மைல்கல் நாட்டப்படுவதற்கு முன்னர் மனிதர் வைத்திருந்த நில அளவை இதுதான் போலும்.

கூப்பிடும் குரல் சொல்லோடு சேர்ந்தது. சொல்லே இல்லாத ஒலிகளும் எம்மிடம் ஏராளம். 'ம்' என்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கதை கேட்பவர் கொட்டும் 'ம்' வேறு, சம்மதிக்கும் 'ம்' வேறு, 'அப்படியா?' என்று கேட்கும் 'ம்' வேறு, செத்தவீட்டுத் திண்ணையில் முதியவர் ஒருவர் பெருமூச்சோடு விடும் 'ம்' வேறு. எழுத்தில் எல்லாம் ஒன்றே. நாவைப் பல்லின் பின்புறத்தில் ஒட்டிச் சட்டென்று இழுத்து உச்சுக் கொட்டுகிறோம். இரக்கத்துக்கும் அதுதான், எரிச்சலுக்கும் அதுதான். இவ்வொலியில் காற்று வெளியே போவதில்லை, உள்ளே இழுபடுகிறது. ஆகவே எமது நெடுங்கணக்கில் அதற்கு எழுத்துக் கிடையாது. தென்னாபிரிக்காவின் சோசா, சூலு மொழிகளிலோ இத்தகைய உச்சொலிகள் சொற்களுக்குள்ளே மெய்யெழுத்துகளாக நிற்கின்றன. அங்கே சொல்லாக இருப்பது எமக்கு உணர்ச்சிக் குறி.

கோழியைக் கூப்பிடும் 'பா பா', நாயை விரட்டும் 'அடிக்', மட்டக்களப்பில் கண்ணகை அம்மன் கோயிற் பெண்கள் இடும் குரவை, தமிழ்நாட்டில் அதையே ஒத்த குலவை, கணவனின் பெயரைச் சொல்லாமற் கூப்பிடும் 'இஞ்சேருங்கோ', சாவீட்டில் ஒப்பாரிக்கு முன் எழும் சொல்லற்ற ஓலம் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றை எந்தப் பள்ளிக்கூடமும் கற்பித்ததில்லை. தாயின் இடுப்பிலிருந்தே பிள்ளை பொறுக்கிக்கொள்கிறது. இடம்பெயர்பவர் பெட்டியில் எடுத்து வைக்காமலே கூட வந்துவிடும் பொருட்கள் இவை.

பர்மாவுக்குப் போன தமிழரும் இவற்றோடுதான் போனார்கள். அந்தப் போக்குவரத்து மிகப் பழையது. பாகன் நகரில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, வடமொழிச் செய்யுளைக் கிரந்த எழுத்திலும் மீதியைத் தமிழிலும் கொண்டது. நானாதேசி வணிகரின் விண்ணகரம் ஒன்றுக்கு மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர் மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தியை அது சொல்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கில் எம்மவர் போனது பிரித்தானியர் காலத்தில். 1852 போரில் கீழ்ப் பர்மா அவர்கள் கைக்குப் போனபின் ஐராவதிக் கழிமுகம் நெல்வயலாக மாற்றப்பட்டது. மேஸ்திரிமார் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துக் கப்பலேற்றினர். நாட்டுக்கோட்டைச் செட்டியார் வட்டிக்கடைகள் வைத்தனர். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் பர்மாவில் இந்தியர் 10 இலட்சத்துக்குச் சற்று மேல். ரங்கூன் நகரில் அவர்கள் பாதிக்கும் அதிகம்.

அங்கே இறங்கிய தமிழனுக்குப் பர்மிய மொழி ஒரு விசித்திரமான அனுபவத்தைக் கொடுத்திருக்க வேண்டும். வாக்கியம் அமையும் ஒழுங்கு பெரும்பாலும் தமிழைப் போலவே இருக்கும். செயப்படுபொருள் முன்னே, வினை பின்னே, வினாக்குறி எல்லாவற்றுக்கும் கடைசியில். 'சாப்பிட்டாச்சா?' என்று நாம் நலம் விசாரிப்பது போலவே பர்மியரும் 'தமின் சா பீ பீ லா' என்று கேட்பார்கள். சோறு, உண்ணல், முடிதல், வினா என்று அடுக்கு அப்படியே எமது அடுக்கு. ஆனால் குரல் வேறு. பர்மிய மொழியில் ஓர் அசையைத் தாழ்ந்த சமக்குரலில் சொல்வதும், உயர்த்தி நீட்டிச் சொல்வதும், தொண்டையை இறுக்கிச் சுருக்கிச் சொல்வதும், சட்டென்று அடைத்து நிறுத்துவதும் வேறுவேறு சொற்கள். தாழ்ந்த 'லா' என்றால் வா. உயர்ந்த 'லா' வினாக்குறி. இறுக்கிய 'ல' என்றால் நிலா, மாதம். ஆகவே 'லாமலா' என்ற மூன்றசையில் 'வருவாயா?' என்ற முழுக் கேள்வியும் அடங்கிவிடும். முதலிலுள்ள லாவும் முடிவிலுள்ள லாவும் குரலால் மட்டுமே வேறு.

'சா' என்பது இன்னும் வேடிக்கை. இறுக்கிச் சொன்னால் தொடங்கு, தாழ்த்திச் சொன்னால் கடிதம், உயர்த்திச் சொன்னால் உண். தமிழிலோ 'சா' என்றால் இறந்து போ. வேலை முடிந்து வந்த ஒருவன் கடிதம் வந்ததா என்று கேட்கும் கேள்வியும், சாப்பிட்டாயா என்று கேட்கும் கேள்வியும், அவனது தாய்மொழியின் மிகப் பொல்லாத சொல்லும் ஒரே அசைக்குள் கிடந்தன. தமிழில் நாம் குரலை ஏற்றுவதும் இறக்குவதும் கோபத்துக்கும் அன்புக்கும் கேள்விக்குமாக. பர்மியர் அதையே சொல்லின் பொருளுக்காகச் செலவிடுகிறார்கள். கோபத்திலே குரலை உயர்த்திக் கதைத்தால் சொல்லே மாறிவிடக்கூடிய ஒரு மொழியில், தன் ஊர்க் குரலோடு கதைப்பவன் எப்போதும் அந்நியனாகவே காதில் விழுவான்.

இருந்தும் சில ஒலிகளில் இருவரும் அருகருகே வந்தனர். சம்மதத்துக்குப் பர்மியர் மூக்கால் விடும் 'இங்' எமது 'ம்' போன்றதே. மறுப்புக்கு அவர்கள் சொல்லும் 'ஹிங்-இங்' எமது 'ம்ஹூம்' ஆகும். கூப்பிடுவதிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பர்மியர் வெறும் பெயரால் ஒருவரைக் கூப்பிடுவதில்லை. பெரியவரை 'ஊ', பெரியவளை 'டோ', அண்ணன் வயதினரை 'கோ', இளையவரை 'மவுங்', பெண்ணை 'ம' என்று உறவு வைத்தே கூப்பிடுவார்கள். அண்ணே, அக்கா, ஐயா என்று பழகிய வாய்க்கு இது எளிதாக வந்திருக்கும்.

ரங்கூனின் தேநீர்க் கடைகளில் இன்னொரு ஒலி உண்டு. பரிமாறும் பையனைக் கூப்பிட வாடிக்கையாளர் உதடுகளைக் குவித்து முத்தமிடுவது போல இரண்டு மூன்று முறை சத்தம் எழுப்புவார். தமிழ்ச் சபையில் இப்படி ஒரு சத்தம் போட்டால் அடி விழலாம். அங்கே அது சாதாரண வழக்கம். இரைச்சல் மிகுந்த கடையில் கனத்த குரல்களுக்கு நடுவே இந்தக் கூரிய சிறு ஒலி தெளிவாகக் கேட்கும் என்பதே அதன் சூட்சுமம். அந்தத் தேநீர்க் கடைகளின் வளர்ச்சியில் இந்தியருக்குப் பெரும் பங்குண்டு. தோசை அங்கே 'தோஷே' என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. எம்மவர் கொண்டுபோன பண்டத்தை, எம்மவர் வாய் கூசும் ஓர் ஒலியால் கேட்டு வாங்குகிறார்கள். ஓர் ஒலி மரியாதையா அவமரியாதையா என்பதை ஒலி தீர்மானிப்பதில்லை, அதைக் கேட்கும் சமூகம் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

'கலா' என்ற சொல்லும் அப்படித்தான். மேற்கே இருந்து வந்த அந்நியரை, குறிப்பாக இந்தியரை, பர்மியர் அவ்வாறு அழைத்தனர். நாற்காலிக்குப் பர்மியப் பெயர் 'கலாதைங்', அதாவது கலா உட்காருவது. கடலை 'கலாபே'. ஒட்டகம் 'கலாஅவுக்'. இச்சொற்களில் எல்லாம் பகை எதுவும் இல்லை. ஆனால் தெருவிலே ஒருவனைப் பார்த்து அதே சொல்லை எறிந்தபோது அது காயப்படுத்தியது. 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்துத் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியருக்கும் மூண்ட கலவரத்திலும், 1938 யூலைக் கலவரத்திலும் அந்தச் சொல் எந்தக் குரலிலே கேட்டிருக்கும் என்பதை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2020இல் பர்மிய இளைஞர் சிலர் 'என்னைக் கலா என்று அழைக்காதே' என்று ஓர் இயக்கமே நடத்தினர். தொண்ணூறு வருடம் கழிந்தும் ஒரு விளியை எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில் பர்மாவின் கதைக்கும் எமது கதைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பர்மாவில் கலகக்காரன் தமிழனையோ தெலுங்கனையோ இனங்காண முகமே போதுமாக இருந்தது. இலங்கையில் முகம் போதவில்லை. ஆகவே காதைத் துணைக்கு அழைத்தார்கள். 1983 யூலையில் கொழும்புத் தெருக்களில் மறிக்கப்பட்டவர்களிடம் வாளிக்குரிய சிங்களச் சொல்லான 'பால்திய' என்பதைச் சொல்லிக் காட்டும்படி கேட்டார்கள். அச்சொல்லின் முதலில் வருவது அதிர்ந்து ஒலிக்கும் பகரம். தமிழில் அந்த ஒலி சொல்லின் முதலிலே வருவது எமது இயல்பு அல்ல. நாக்கும் உதடும் பழகாத அந்த ஒற்றை ஒலி பகரமாக வலித்தோ வகரமாகத் திரிந்தோ வெளிப்பட்டபோது உயிர் போனது.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததன்று. விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்தில் யோர்தான் ஆற்றின் துறையில் எப்பிராயீமியரை மறித்து 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொன்னார்கள். அவர்கள் 'சிபோலேத்' என்றார்கள். 42,000 பேர் மாண்டதாக அந்நூல் கூறுகிறது. 1937 ஒக்டோபரில் தொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி துருகியோவின் ஆட்கள் ஒரு கீரைக்கொத்தைக் காட்டி அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அந்தப் பெயரில் உள்ள றகரத்தை உருட்டிச் சொல்ல வராத ஹெயிற்றித் தொழிலாளர் கொல்லப்பட்டனர். தாய் இடுப்பில் வைத்துக் கற்பித்த ஒலியே ஒருவனைக் காட்டிக் கொடுக்கிறது. எத்தனை மொழி படித்தாலும் மறைக்க முடியாத அடையாளம் அது.

1942இல் யப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். அதற்கு முன்னும் பின்னும் 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு ஓடினர். கப்பலில் இடம் கிடைக்காத பெருந்தொகையினர் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் நடந்து கடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் வழியிலே பல ஆயிரம் பேர் இறந்தனர். அதே ஆண்டில் தொடங்கிய சயாம்-பர்மா மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் கொண்டு போகப்பட்டனர், ஆயிரமாயிரமாய் அழிந்தனர். தௌக்கியானில் படைவீரனுக்கு ஆங்கில எழுத்திலாவது ஒரு பெயர் கிடைத்தது. இந்தக் கூலிகளில் மிகப் பலருக்கு அதுவும் இல்லை.

1944 ஜனவரியில் சுபாஷ் சந்திர போஸ் தமது தலைமையகத்தைச் சிங்கப்பூரிலிருந்து ரங்கூனுக்கு மாற்றினார். அவரது படையில் மலாயாவிலும் பர்மாவிலும் இருந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளர் ஏராளம். ஜான்சி ராணி படையிலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் இருந்தனர். படையின் பொதுமொழி ஹிந்துஸ்தானி, அதுவும் ரோமன் எழுத்தில். அதுவரை மேஸ்திரியின் அதட்டலுக்கும் கங்காணியின் கூவலுக்கும் ஓடிப் பழகிய காதுகள், பொருள் முழுதும் விளங்காத புதிய கட்டளைக் குரலுக்கு நிமிர்ந்து நின்றன. போசின் பேச்சுகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. ஆசாத் ஹிந்த் வானொலியில் தமிழும் ஒலித்தது. ஆனால் 'சலோ தில்லி' என்ற முழக்கத்தை எவரும் தமிழாக்கவில்லை. முழக்கத்துக்கு வேண்டியது அகராதிப் பொருளைவிடக் கூட்டமாக மூச்சை இழுத்து ஒரே நேரத்தில் விடக்கூடிய ஓசை. சுமை தூக்குவோர் 'ஐலசா' என்னும்போதும், எமது கரையோர மீனவர் வலை இழுக்கையில் அம்பா பாடும்போதும் நடப்பது இதுவே. நீண்ட உயிரொலியில் மூச்சும் கையும் தயாராகும். முடியும் அசையில் எல்லாரும் சேர்ந்து இழுப்பார்கள்.

போர் முடிந்து, 1948இல் பர்மா விடுதலை பெற்றது. 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின; பின்வந்த சில ஆண்டுகளில் சுமார் 3 இலட்சம் இந்தியர் வெறுங்கையோடு வெளியேறினர். தனியார் பள்ளிகளும் அரசுடைமையாயின. தமிழ் கோயில் மண்டபத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ஒதுங்கியது. தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு வெளியே சொல்ல ஒரு பர்மியப் பெயரும் வீட்டிலே கூப்பிட ஒரு தமிழ்ப் பெயருமாக இரண்டு பெயர்கள் வாய்த்தன. பலருக்கு இன்று பர்மியமே முதல்மொழி. ஆயினும் தீமிதித் திருவிழாக்களில் 'அரோகரா' என்ற குரல் இன்னமும் எழுகிறது. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களும் அதில் சேர்ந்துகொள்கிறார்கள். மறுபுறம், தமிழ்நாட்டுக்குத் திரும்பியவர்கள் சென்னையில் பர்மா பஜாரையும் அத்தோக் கடைகளையும் வைத்தார்கள். அவர்களில் முதியவர்கள் தமக்குள்ளே பர்மிய மொழியில் கதைத்துக்கொண்டார்கள். அகதியாகத் தாய்நாட்டுக்கு வந்தவருக்கு அந்நிய மொழியே ஊர்க் குரலாயிற்று.

மொழி போகும் வரிசையை இந்த வரலாறு எமக்குக் காட்டுகிறது. முதலில் எழுத்துப் போகிறது, பிறகு சொற்கள் குறைகின்றன, பிறகு இலக்கணம் தேய்கிறது. கடைசி வரை நிற்பவை கூப்பிடும் குரலும் 'ஐயோ'வும் 'ம்'மும் அரோகராவும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் வளரும் எமது பிள்ளைகளிடமும் இதைக் காண்கிறோம். தாய் தமிழில் கேட்பதற்கு ஜேர்மனிலோ பிரெஞ்சிலோ நோர்வேஜியனிலோ பதில் சொல்லும் பிள்ளை, கால் இடறினால் 'அம்மா' என்கிறது. சலிப்பு வந்தால் நாம் கொட்டும் அதே உச்சைக் கொட்டுகிறது.

இந்த ஒலிகளை யாரேனும் பதிந்து வைத்தார்களா? பிரித்தானிய இந்தியாவின் மொழிகளை அளவை செய்த கிரியர்சனின் முயற்சியோடு இணைந்து, 1910களிலும் 1920களிலும் கிராமபோன் ஒலித்தட்டுகள் எடுக்கப்பட்டன. சென்னை மாகாணத்திலும் பர்மாவிலும் எடுக்கப்பட்டவை அவற்றுள் உண்டு. முதலாம் உலகப் போரின்போது பேர்லின் அருகே வூன்ஸ்டோர்ப் முகாமில் இருந்த இந்தியக் கைதிகளின் குரல்களை ஜேர்மன் அறிஞர்கள் பதிந்தனர். அவை இன்று ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மொழிகளை ஒப்பிடுவதற்காக இத்தகைய முயற்சிகளில் பலரிடமும் சொல்லச் சொன்னது ஒரே கதை: தந்தையின் சொத்தைப் பிரித்துக்கொண்டு தூரதேசம் போய் அழிந்து திரும்பிவரும் கெட்ட குமாரனின் உவமை. வீடு திரும்பிய மகனின் கதையைச் சிறைமுகாமில் இருந்தவர்கள் தத்தம் மொழியில் கருவிக்கு முன் சொன்னார்கள். ஆனால் அவர்களும் ஒப்பிடக்கூடிய சொற்களையே தேடினார்கள். கோழி கூப்பிடும் சத்தத்தையோ தாய் மகனைக் கூப்பிடும் குரலையோ கேட்டுப் பதிவது அவர்களின் வேலையாக இருக்கவில்லை.

எமது காலத்தில் அந்த வேலையை நாம் அறியாமலே செய்தோம். 1980களிலும் 1990களிலும் கடிதத்துக்குப் பதிலாகக் கசெற்றில் குரலைப் பதிந்து அனுப்பினோம். ஊரிலிருந்து வந்த கசெற்றில் அம்மாவின் பேச்சுக்குப் பின்னால் காகம் கரைந்தது, யாரோ யாரையோ வேலிக்கு மேலால் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் தொலைபேசித் தொடர்பு அற்றுப் போயிருந்த ஆண்டுகளில் தாய்மார் பாஸ் எடுத்து வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து தொடர்பு நிலையங்களில் பிள்ளையின் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். நிமிடத்துக்குக் காசு. கதைக்க வேண்டியவை மலைபோல. அழைப்பு வந்ததும் நடந்தது என்ன? 'தம்பீஇ…' என்று ஒரு நீட்டல். பிறகு அழுகை, மூக்கை உறிஞ்சும் சத்தம், 'ம்… ம்…'. அந்தக் காசு வீணாகவில்லை. சொல்ல வேண்டியது அதுவாகவே இருந்தது. மறுமுனையில் இருப்பவர் சில அங்குலத்தில் காதோடு கதைக்கிறார் என்று அறிந்தும் தாய்மார் சத்தமாகவே கூப்பிட்டார்கள். தூரத்தில் உள்ளவனைக் கூப்பிடும்போது பெயர் நீளும் என்ற விதியை அவர்கள் எவரிடமும் படித்ததில்லை.

பெயர் நீள்வதற்கும் பதில் வேண்டும். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் படங்களை மடியில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார்கள். அவர்களில் பலர் பதில் கேளாமலே இறந்துபோனார்கள். கூப்பிட்ட குரலும் அவர்களோடு போனது. 2021 பெப்ரவரி இராணுவப் புரட்சிக்குப் பின் பர்மாவும் பிள்ளைகளை வெளியே அனுப்பும் நாடாயிற்று. அவர்களில் பலர் புறப்பட்டது மிங்கலாடோனிலிருந்துதான். வழியனுப்பிய தாயின் கூப்பிடு தூரம் அந்த விமான நிலையத்து வாசலோடு முடிந்திருக்கும்.

நாம் இப்போது எமது முதியவர்களிடம் கதை கேட்டுப் பதியத் தொடங்கியிருக்கிறோம். எந்த ஊர், எந்த ஆண்டு, எப்படி ஓடி வந்தீர்கள் என்று கேட்கிறோம். நல்ல காரியம். அதனோடு இன்னொன்றையும் கேட்போம். வயலில் நின்ற உங்கள் தம்பியை எப்படிக் கூப்பிட்டீர்கள்? மாட்டை எப்படித் திருப்பினீர்கள்? கோழியை எப்படி அடைத்தீர்கள்? குரவை எப்படி இட்டீர்கள்? சற்று வெட்கப்படுவார்கள், சிரிப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் அயலவர் என்ன நினைப்பாரோ என்று கதவைப் பார்ப்பார்கள். பிறகு ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுவார்கள். அதைப் பதிந்து, பெயரும் ஊரும் எழுதி வைப்போம். தௌக்கியான் தூண்களில் பெயர் இருக்கிறது, குரல் இல்லை. எமது பிள்ளைகளுக்கு இரண்டும் கிடைக்க இன்னும் வழி இருக்கிறது.